எத்தனை நாள் வைத்திருப்பது

சிதம்பரம்,
1.8.2024

ஜெயராணி அவர்களுக்கு,

மெயில் சர்வரின் லாக்கை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் கேட்டீர்கள். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. விசாரணை அறைக்குள் இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அது தவறு என்று மறுநாள் காலையில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விசாரணை முடியும்வரை யாரும் உங்களோடு போனில் பேச வேண்டாம், எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி சின்னையன் சார் சொல்லிவிட்டார். சர்வரைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் உங்கள் மெயில் கணக்கை உத்தரவின்படி முடக்கியவள் நானே. ஆகவே தபால்.

பிறகு ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்காமல் இருக்க, தெரிந்ததை எழுதி வைக்கிறேன். கிள்ளைப் பக்கத்துப் பெண்கள் பதினோரு பேரின் பட்டியலை, சென்னையில் ஆறு மாத மருத்துவமனை உதவியாளர் பயிற்சிக்காக, நம் அறக்கட்டளையின் கடலூர் கிளையிலிருந்து நீங்கள் அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஜூன் 15. பதினான்காம் தேதி மாலையே மெயிலில் அனுப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். வரவில்லை என்கிறது பயிற்சி கொடுக்கும் சென்னை அலுவலகம். பதினோரு பேருக்கும் இடம் போயிற்று. ஜூலை 8 அன்று உங்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பொய் சொல்வது நீங்களா சென்னையா என்பதை லாக் சொல்லிவிடும் என்று நான்தான் அந்த அறையில் சொன்னேன்.

ஒவ்வொரு மெயிலும் எப்போது வந்தது, எங்கே போனது, போகவில்லை என்றால் ஏன் என்று சர்வர் தன்பாட்டுக்கு வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதுதான் லாக். எழுதுகிற கோப்பு ஓர் அளவுக்கு நிரம்பியதும் அதை ஓரம் வைத்துவிட்டுப் புதிது தொடங்கும். ஓரத்தில் நான்குதான் இருக்கலாம். ஐந்தாவது வந்தால் மிகப் பழையது அழியும். சாதாரணமாக ஒரு கோப்பு நிரம்ப இரண்டு வாரம் ஆகும். நான்கு கோப்பு, இரண்டு மாதம். நான் போட்ட கணக்கு இது.

ஜூன் 24 முதல் வெளியிலிருந்து யாரோ நம் ஊழியர்களின் பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தப்பான முயற்சிக்கும் சர்வர் ஒரு வரி எழுதியது. இரண்டு வாரத்தில் நிரம்புகிற கோப்பு ஒரே நாளில் நிரம்பியது. நேற்று நான் திறந்து பார்த்தபோது இருந்தது நான்கே நாளின் லாக். எல்லாம் அந்தத் தட்டல்கள். ஜூன் 14 இல்லை.

வருந்துகிறேன் என்று எழுதுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பவானி


கடலூர்,
5.8.2024

பவானி மேடம்,

உங்க லெட்டர் சனிக்கிழம வந்துது. ரெண்டு தடவ படிச்சேன். மூணாவது தடவ என் வூட்டுக்காரர் படிச்சார். இந்தம்மா இருக்குதுங்குறாங்களா இல்லைங்குறாங்களான்னு கேட்டார். இல்லைங்குறாங்க, அதத்தான் இவ்ளோ நீளமா எழுதிக்கிறாங்கன்னேன்.

ஜூலை ஒம்பதாந் தேதி நான் உங்களுக்கு போன் பண்ணது ஞாபகம் இருக்கும். லாக்க பாருங்க மேடம், எல்லாம் தெரிஞ்சிடும்னு கேட்டேன். செயலாளர் எழுத்துல உத்தரவு குடுத்தாத்தான் தொறப்பேன்னீங்க. அந்த உத்தரவு வர மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள உங்க மெஷினு கழுவி ஊத்திடுச்சு. கண்ணால பாக்குறதுக்குமா உத்தரவு?

விசாரணையில எல்லார் எதிர்லயும் நீங்க என்ன கேட்டீங்க? "அனுப்புன்னு அமுக்கினது நிச்சயமா ஞாபகம் இருக்கா?" பதினாறு வருஷமா அமுக்கிக்கிட்டிருக்கேன் மேடம். பதினாலாந் தேதி சாயங்காலம் நாலே முக்காலுக்கு முன்னாடி அமுக்கினேன். அமுக்கிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன்.

நான் அனுப்பினதோட நகல் என் பெட்டியிலயே ஏன் இல்லன்னு சின்னையன் சார் கேட்டார். அவருக்குச் சொல்ல வாய் வரல, உங்களுக்குச் சொல்றேன். திங்கக்கிழம ஆனா பெட்டி நெறஞ்சிடுச்சு, காலி பண்ணுன்னு உங்க சர்வர்ல இருந்து மெயில் வரும். வந்ததெல்லாம் மேலிடத்துக் கடுதாசி, அத அழிக்க எங்களுக்குப் பயம். அதனால கிளையில எல்லாரும் நாங்க எழுதினதத்தான் அழிப்போம். எங்க கடுதாசிய யாரு திருப்பிக் கேக்கப்போறாங்கன்னு நெனப்பு. பதினேழாந் தேதி திங்கக்கிழம நானும் அழிச்சேன். என் சாட்சிய நானே அழிச்சேன், மீதிய நீங்க அழிச்சீங்க.

நேத்து திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்ல பட்டம்மாவப் பாத்தேன். கிள்ளையிலருந்து நண்டு கொண்டாந்து விப்பாங்க. அவுங்க பொண்ணு இசைவாணி பேரு பட்டியல்ல நாலாவது. என்னக் கண்டதும் சண்டைக்கு வந்திருந்தா தேவல. கூடைய எறக்கி வச்சிட்டு மெதுவா, "நெசமாவே எம்பொண்ணு பேர எழுதுனியாம்மா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்? எழுதினேன், அத எழுதினதா எழுதி வச்சது அழிஞ்சிடுச்சுன்னா?

இந்தக் கடுதாசிய பதிவுத் தபால்ல ஒப்புகை அட்டை வச்சு அனுப்புறேன். நீங்க கையெழுத்துப் போட்டா அட்டை எங்கிட்ட திரும்பி வரும். அத நான் யாருக்காகவும் அழிக்க மாட்டேன்.

ஜெயராணி


சிதம்பரம்,
9.8.2024

ஜெயராணி அவர்களுக்கு,

அட்டையில் கையெழுத்திட்டேன்.

நீங்கள் ஜூலை ஒன்பதாம் தேதி கேட்டபோதே நான் திறந்திருந்தாலும் அந்தக் கோப்பு இருந்திருக்காது. தேதிகளைச் சரிபார்த்தேன். ஜூன் 28 காலையிலேயே போய்விட்டது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபோது நான் பார்க்கவில்லை என்பது அப்படியே இருக்கிறது.

அளவை வைத்துக் கோப்பை மாற்றச் சொன்னது யார், நாள் கணக்கை வைத்து அல்லவா மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. ஆகவே நானே சொல்கிறேன்.

அந்த மென்பொருள் வரும்போது வாரத்துக்கு ஒரு கோப்பு, நான்கு கோப்பு என்றுதான் வரும். எங்கேயோ யாரோ நாலு வாரம் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். ஏன் நாலு என்று நான் கேட்டதில்லை. 2021 டிசம்பரில் லாக் பெருகி டிஸ்க் நிரம்பி இரண்டு நாள் மெயிலே நின்றுபோனது. கூட்டத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு செயலாளர், "பேப்பர் தீந்துபோச்சுன்னு ஆபீஸ மூடுவீங்களாம்மா?" என்று கேட்டார். சிரித்தார்கள். அன்று மாலையே வாரம் என்பதை எடுத்துவிட்டு அளவு என்று மாற்றினேன். இனி டிஸ்க் நிரம்பாது. நிரம்பவும் இல்லை. நான் காப்பாற்றியது டிஸ்க்கைத்தான், அதில் எழுதியிருந்ததை அல்ல என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் பெட்டிக்கு இருநூறு எம்பி என்று அளவு வைத்ததும் அதே வாரத்தில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. 2022இல் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர் வந்து, ஓர் ஆசிரியை யார் யாருக்கு மெயில் எழுதுகிறாள் என்று ஆறு மாதத்துக்கு எடுத்துத் தரும்படி கேட்டார். அவ்வளவு நாள் எங்களிடம் இருக்காது சார் என்றேன். நிஜமாகவே இல்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். குறைவாக வைத்திருப்பது நல்லது என்று அன்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒருத்தியைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு இன்னொருத்தியை மாட்டிவிடும் என்று நினைக்கவில்லை.

அடுத்த அமர்வு 28ஆம் தேதி. லாக் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஏன் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுவேன். அது உங்களுக்கு எவ்வளவு உதவும் என்று தெரியவில்லை.

பவானி


கடலூர்,
14.8.2024

பவானி மேடம்,

உங்க நேர்மை எல்லாம் சரி. லாக் இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு சொல்றேன். ஊழியர் அனுப்பியதற்கு ஆதாரம் இல்லைன்னு சின்னையன் சார் எழுதுவார். அவரு எழுதுறது அந்த ஒரு வரிதான். ஏன் இல்லைங்குற உங்க காரணத்த ஃபைல்ல பின்னாடி கோப்பாங்க. என்ன வூட்டுக்கு அனுப்புவாங்க.

மூணு தடவ சிதம்பரம் வந்துட்டேன். ஒரு தடவ சார் வரல. ஒரு தடவ ஃபைல் வரல. மூணாவது தடவ எல்லாரும் வந்தோம், நீங்க ரெண்டு மாசம்னீங்க. பஸ்ல திரும்பி வரும்போது சந்தோஷமா வந்தேன். இனிமே எனக்கு என்னன்னு வந்தேன்.

ஆசிரியையக் காப்பாத்தினேன்னு எழுதிக்கிறீங்க. நல்லது. ஆனா நீங்க கேக்காம விட்டது ஒண்ணு இருக்கு. அந்தப் பெரிய மனுஷனுக்குக் காட்டாம இருக்க லாக்க அழிக்கணுமா? காட்ட மாட்டேன்னு சொல்லியிருந்தாப் போதாதா? எனக்குக் காட்ட மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சுதே.

உங்களுக்கு முன்னாடி சர்வரப் பாத்துக்கிட்ட கலியமூர்த்தி சார் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்னு நெனச்சுக்கிட்டேன். அவரும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டார். கடலூருக்கு மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஹெட் ஆபீஸ்ல அவுருகிட்ட வேல பாத்தேன். அவரு பெட்டிய சுத்தம் பண்றது என் வேல. அது ஆம்பளைங்க பண்ற வேல இல்லையாம். வாரத்துக்கு ஒரு தடவ சர்வரே அவுருக்கு மெயில் போடும். ஒண்ணொண்ணும் முடிவே இல்லாம போவும், தேதி, நேரம், யாரு பேரோ, நம்பரு. என்னா சார் இதுன்னா, "எம்மேல அதுக்கு ஒரு பாசம், வுட்ரு"ன்னு சிரிப்பாரு. நான் எல்லாத்தையும் மொத்தமா டிக் பண்ணி அழிப்பேன். அவரு பெட்டிக்கு அளவும் கெடையாது, மேலாளரு இல்லையா. அழிக்கலன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அளவு எங்களுக்குத்தான்.

28ஆந் தேதி நான் வரல மேடம். நாலாவது தடவ வந்து அந்த பெஞ்சில உக்கார என்னால முடியாது. சொல்ல வேண்டியத எழுத்துல குடுத்துட்டேன். நீங்க இல்லைன்னு சொல்றத நேர்ல வேற கேக்கணுமா?

ஜெயராணி


சிதம்பரம்,
20.8.2024

ஜெயராணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அலுவலகம் போய் லாக் மாற்றும் அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பத்து வரிதான் இருக்கும். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற கோப்பு. மூன்றாவது வரியில் கலியமூர்த்தி சாரின் மெயில் முகவரி இருக்கிறது. அது இருப்பது எனக்குத் தெரியும். ஏதோ எச்சரிக்கை போவதற்காக அவர் போட்டது என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். ஓய்வுபெற்ற மேலாளரின் கணக்கை நம் அறக்கட்டளையில் யாரும் மூடுவதில்லை, அவர் பெயரை எங்கிருந்தும் எடுப்பதும் இல்லை. மரியாதை என்று நினைக்கிறோம்.

எச்சரிக்கைக்காக அல்ல அந்த வரி. ஒரு கோப்பை அழிப்பதற்கு முன்னால் அதை இந்த முகவரிக்கு மெயிலில் அனுப்பிவிட்டு அழி என்று அர்த்தம். நீங்கள் டிக் செய்து அழித்தவை அழியப்போகிற லாக்குகள்.

அவர் வீட்டுக்குப் போய், பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இன்னும் இருக்குதாம்மா அது?" என்றார். பார்க்கச் சொன்னார். ஆறு வருஷமாக யாரும் அழிக்காததால் எல்லாம் இருந்தன. அளவை சர்வர் நாளுக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும் என்பதால், தாக்குதல் நாட்களின் கோப்புகள் அளவை மீறி, மெயிலில் போக முடியாதபடி பெரிதாகி வழியிலேயே நின்றுவிட்டன. அதற்கு முந்தைய கோப்பு சிறியது. ஜூன் 28 காலையில் வந்து சேர்ந்திருக்கிறது. ஜூன் 7 முதல் 20 வரை.

மூன்று பக்கம் அச்செடுத்து இணைத்திருக்கிறேன். கோடிட்ட வரிகளைப் பாருங்கள்.

ஜூன் 14, மாலை 4.41. உங்கள் மெயில், இணைப்போடு, நம் சர்வருக்கு வந்துவிட்டது. நீங்கள் சொன்னது உண்மை. சென்னை சொன்னதும் உண்மை. அது நம்மை விட்டு வெளியே போகவில்லை.

ஜூன் 10 அன்று நம் இணைய இணைப்பை மாற்றினோம். சர்வருக்குப் புது விலாசம். அந்த விலாசத்தை நம் பெயரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் கண்டிப்பான சில இடங்கள், நீ யாரென்று தெரியவில்லை, பிறகு வா என்று திருப்பும். இணைப்புக் கொடுத்தவர்களிடம் பதியச் சொன்னேன். என் டைரியில் அன்றைய பக்கத்தில் "சொல்லியாச்சு" என்று இருக்கிறது. செய்தார்களா என்று நான் பார்க்கவில்லை. 21ஆம் தேதி வேறு யாரோ மெயில் போகவில்லை என்று சொன்ன பிறகுதான் பார்த்தேன், சரிசெய்தேன், மறந்தேன். உங்கள் பட்டியலோடு அதை இணைத்து யோசிக்கவே இல்லை.

ஐந்து நாளில் சர்வர் நூற்றுப் பன்னிரண்டு முறை சென்னையின் கதவைத் தட்டியிருக்கிறது. ஒருமுறைகூட உங்களுக்குச் சொல்லவில்லை. தாமதமானால் அனுப்பியவருக்குச் சொல் என்று அமைக்கலாம். நான் அமைக்கவில்லை. ஜூன் 19 மாலை முயற்சியைக் கைவிட்டு, போகவில்லை என்று உங்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. அதற்கு முந்தின நாள்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கட்டடத் திறப்பு விழாப் படங்களை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். உங்கள் பெட்டி நிரம்பியிருந்தது. அறிவிப்பு உள்ளே வர இடமில்லை. கடைசி வரி அதுதான்.

இதை நான் 16ஆம் தேதியே கண்டுபிடித்தேன். நான்கு நாள் வைத்திருந்தேன். வேறு யாருக்கும் தெரியாது, லாக் இல்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று நினைத்தேன். அதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. சின்னையன் சாருக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு அனுப்புகிறேன். இது உங்கள் கைக்கு வந்துவிட்டால் பிறகு நான் மனம் மாற முடியாது.

பதிவுத் தபால்தான். ஒப்புகை அட்டை வைத்திருக்கிறேன்.

பவானி


கடலூர்,
23.8.2024

பவானி மேடம்,

வந்துது. கையெழுத்துப் போட்டேன்.

மூணு பக்கத்தையும் அஞ்சு ஜெராக்ஸ் எடுத்துட்டேன். உங்க சர்வர் நாலுதான் வைக்கும், நான் ஒண்ணு ஜாஸ்தியா வைக்கிறேன். ஒண்ணு பைபிள்ல. ஒண்ணு என் தங்கச்சி வூட்டுல. மீதி எங்கன்னு சொல்ல மாட்டேன்.

படிச்சேன். அழுதேன். அப்புறம் கோவம் வந்துது. நூத்திப் பன்னண்டு தடவ தட்டினதாமே. அந்த அஞ்சு நாளுல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்ட சொல்லியிருந்தா, பட்டியலக் கையில எடுத்துக்கிட்டு பஸ் ஏறி நானே சென்னைக்குப் போயிருப்பேன். ஒரு நாள் லேட்டுன்னா காலுல விழுந்திருப்பேன். பதினோரு பொண்ணுங்க.

நாலு நாள் வச்சிருந்தேன்னு எழுதினீங்களே, அத எழுதாம இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது? என் வூட்டுக்காரர் அந்த வரியத்தான் திரும்பத் திரும்பப் படிச்சார். "இந்தம்மாவ நம்பலாம்"னார். எனக்கு அவ்ளோ சீக்கிரம் நம்பிக்கை வராது. அங்க போய் அவுங்க எதிர்ல சொல்லிட்டு வாங்க, அப்புறம் பாப்போம்.

28ஆந் தேதி நான் வர மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். நான் எதிர்ல இருந்தா எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். நான் இல்லாதப்ப சொல்லுங்க.

உங்களுக்கு என்ன ஆவும்? அதையும் எழுதுங்க.

ஜெயராணி


சிதம்பரம்,
28.8.2024

ஜெயராணி,

அமர்வு பதினோரு மணிக்கு என்றார்கள். சின்னையன் சார் வந்தது பன்னிரண்டேகாலுக்கு. கலியமூர்த்தி சார் பத்தரைக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நீங்கள் சொன்ன அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று பக்கத்தைக் கொடுத்தேன். சின்னையன் சார் கோடிட்ட வரிகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நீங்களே அடிச்சு, நீங்களே கொண்டாந்து, நீங்களே என் தப்புன்னு சொல்றீங்க. இத நான் எப்படிம்மா நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. நம்ப வேண்டாம் சார், கலியமூர்த்தி சார் பெட்டியை அவரே திறந்து காட்டட்டும், அது வந்த தேதி அதிலேயே இருக்கிறது என்றேன்.

பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல அவர் மறுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த சீட்டைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். தப்பு. மூன்றாவது முறையும் தப்பானதும் பத்து நிமிடம் கழித்து வரவும் என்று சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது. ஜூனில் தொடங்கிய தாக்குதலுக்குப் பிறகு நான் போட்ட கட்டுப்பாடு அது. பத்து நிமிடம் மூன்று பேரும் காத்திருந்தோம். அவசரத்துக்குத் தளர்த்தி விடலாமா என்று சின்னையன் சார் கேட்டார். முடியும், ஆனால் இந்தக் காரியத்தில் என் கை பட வேண்டாம் என்றேன். நாலாவது முறை திறந்தது.

சின்னையன் சாரே வரிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். தலைமையாசிரியராக இருந்தவர், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தார். விலாசம் பதியாமல் போனதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான் என்றேன். பெட்டிக்கு அளவு வைத்தது யார். நான். தாமதமானால் சொல்லாதபடி வைத்தது. நான். "வேற யாரும் இல்லையா?" என்றார், கொஞ்சம் சலிப்போடு. படங்களை அனுப்பியது நான் இல்லை என்றேன். கலியமூர்த்தி சார் சிரித்தார். சின்னையன் சார் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"ஊழியர் உரிய காலத்தில் அனுப்பியது உறுதியாகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். நகலை இணைத்திருக்கிறேன். உங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தரவைத் தட்டச்சு செய்துவிட்டார்கள். செயலாளர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை கையெழுத்தாகும் என்கிறார்கள். திங்கள் என்றால் எந்தத் திங்கள் என்று கேட்டேன். முறைத்தார்கள்.

எனக்கு என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். நாலு மணிக்கு மெமோ வந்தது. அதற்கு மட்டும் செயலாளரின் கையெழுத்துத் தேவைப்படவில்லை. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் மெமோ. விளக்கம் என்று எழுத இந்தக் கடிதங்களில் இல்லாத எதுவும் என்னிடம் இல்லை.

லாக்கை இனி நாளுக்கு ஒரு கோப்பாக, நானூறு நாள் வைப்பது என்று மாற்றிவிட்டேன். பயிற்சிக்கு ஆள் எடுப்பது, விடுதிக்கு ஆள் எடுப்பது எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவை. அடுத்த வருஷம் அதே காரியம் வரும்போதுதான் போன வருஷத்தைப் பற்றிக் கேள்வி எழும். அதற்கு மேல் ஒரு மாதம். டிஸ்க் தாங்காது என்றால் டிஸ்க்கை வாங்கட்டும். யார் கேட்டால் காட்டுவது, யார் கேட்டால் காட்டக் கூடாது என்று ஒரு பக்கம் எழுதிச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். காட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்டதற்கு வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை. நானூறு சரியான எண்ணா என்று தெரியாது. உங்கள் பெட்டியின் அளவையும் எடுத்துவிட்டேன்.

கலியமூர்த்தி சாரிடம், இனி லாக் உங்களுக்கு வராதபடி அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். வேறு யாரும் அவருக்கு மெயில் எழுதுவதில்லையாம்.

பெண்கள் விஷயம். மூன்றரை மணிக்குப் பட்டியலை லாக் பக்கங்களோடு சென்னைக்கு மறுபடி அனுப்பினேன். இரண்டு விநாடியில் போய்ச் சேர்ந்தது. போனிலும் பேசினேன். ஜனவரியில் அடுத்த பிரிவு தொடங்குகிறது, ஒன்பது பேரை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மற்ற இருவருக்கும் அதற்குள் இருபத்தொரு வயது முடிந்துவிடுகிறது. விதியைத் தளர்த்த முடியாதாம். தவறு எங்களுடையது என்று சொன்னேன். புரிகிறது என்றார்கள். இருவரில் ஒருத்தி இசைவாணி.

இதைப் பட்டம்மாளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நாளை காலை நானே கிள்ளைக்குப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. போய் வந்து எழுதி முடித்து அனுப்புகிறேன்.

29.8.2024

போய் வந்தேன். பட்டம்மாள் நண்டுக் கூடையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. ஜூன் பத்து, விலாசம், அஞ்சு நாள், எல்லாவற்றையும் சொன்னேன். இசைவாணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜனவரி என்றதும் நிமிர்ந்தாள். வயது என்றதும் உள்ளே போய்விட்டாள். திரும்ப வரவில்லை.

பட்டம்மாள் கோபப்படவில்லை. "அப்ப அந்த கடலூரம்மா எழுதித்தான் இருக்குது" என்றார். ஆமாம் என்றேன். எழுதினதைக் காட்டச் சொன்னார். பட்டியலையும் முதல் பக்கத்தையும் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது. நாலாவது பெயர் எது என்று கேட்டார், காட்டினேன். அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "இத எத்தினி நாளு வச்சிருக்கணும்?"

தெரியவில்லை என்றேன்.

அவர் கூடையைத் தூக்கத் தடுமாறினார். ஒரு பக்கம் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டேன். அவர் கடலூர் பஸ்ஸில் போனார். சிதம்பரம் பஸ்ஸுக்காக நான் முக்கால் மணி நேரம் நின்றேன்.

பவானி